ரேகை எடுக்காத விரல்

மருதாணி அரைத்து வைக்கத் தெரிந்த ஆண்பிள்ளை எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். இதை நான் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. மகளின் கையைப் பார்த்துவிட்டு யாராவது கேட்டால், அவளே வைத்துக்கொண்டாள் என்று சொல்லிவிடுவேன்.

என் மனைவி சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனபோது மகள் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் தீபாவளிக்கு முன்தினம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பையைக்கூட இறக்கி வைக்காமல், "எல்லாருக்கும் அவங்கவங்க அம்மா வச்சி விடுவாங்க" என்றாள். அவள் அம்மா நட்ட மருதாணிச் செடி கொல்லையில் ஆள் உயரத்துக்கு நின்றது. நான் போய் இலை உருவினேன். கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும் சேர்க்க வேண்டும் என்று ஞாபகம் இருந்தது. அம்மியில் வைத்து அரைத்தேன். தண்ணீர் அதிகமாகிவிட்டது. மணிக்கட்டு வரை வழிந்து, மறுநாள் கை முழுக்கக் காவி பூசியது போல இருந்தது. அதையே அவள் தோழிகளிடம் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

அதற்குப் பிறகு பழகிவிட்டது. உள்ளங்கையில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் சின்னப் பொட்டுகள், பத்து விரல் நுனிக்கும் தொப்பி. எனக்கு இவ்வளவுதான் வரும். கதவைச் சாத்திக்கொண்டுதான் வைப்பேன். இரண்டு கையிலும் மருதாணி இருப்பதால் அன்றைக்குச் சோறும் நானே ஊட்ட வேண்டும்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை செய்தவர்கள். நான் குத்தகைக்கு எடுத்து சாகுபடி செய்ய ஆரம்பித்து, பிறகு மனைவி அனுப்பியதில் பூதலூர் பக்கத்தில் கொஞ்சம் நிலம் சொந்தமாக வாங்கினேன். எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் நிற்கும் இடத்தில் நிற்க முடியாது. டீக்கடைக்குப் போனால் ஓரமாக நின்று குடித்துவிட்டு வந்துவிடுவேன். மகளிடம் மட்டும்தான் பேசுவேன். அதுகூட முக்கால்வாசி அவள் பேச நான் கேட்பது.

அவள் தினமும் பாசஞ்சர் ரயிலில் தஞ்சாவூர் போய், உணவுப் பொருள் கெடாமல் பாதுகாப்பது பற்றிய படிப்பைப் படித்தாள். அங்கேயே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலையும் கிடைத்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, வெளிநாட்டுல மேல்படிப்புக்கு எடம் கெடைச்சிருக்கு" என்றாள்.

"எவ்வளவு தூரம்?"

"ப்ளேன்ல ஒரு நாள் ஆகும்."

சிங்கப்பூர் நாலு மணி நேரம். அதுதான் எனக்குத் தெரிந்த அதிக தூரம். "அங்க குளிருமா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, அந்த ஊரில் பனி கொட்டும் படத்தை போனில் காட்டினாள். உப்பளம் மாதிரி இருந்தது.

விசாவுக்கு விண்ணப்பிக்க தஞ்சாவூரில் ஒரு ஏஜென்சிக்குப் போனோம். மாடியில் சின்ன ஆபீஸ். அங்கே இருந்த பெண் என் மகளைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினாள்.

"அங்கிள், உங்க பொண்ணு படிச்சு முடிச்சதும் திரும்பி வந்துடுவாங்கன்னு அவங்க நம்பணும். இல்லன்னா விசா தர மாட்டாங்க. ஊர்ல என்ன புடிப்பு இருக்குன்னு காட்டணும்."

"நெலம் இருக்கும்மா."

"அது உங்க பேர்ல இருக்கு. இவங்களுக்குன்னு என்ன இருக்கு?"

நான் மகளைப் பார்த்தேன். மகள்தான், "அப்பா இருக்காரு" என்றாள். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு, விசாவுக்கு வைக்கும் கடிதத்தில் அதையே தட்டச்சு செய்தாள்.

திரும்பும்போது ரயிலில் அந்தக் கடிதத்தை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். என் தாயார் வெளிநாட்டில் வேலை செய்கிறார். என் தந்தை ஊரில் தனியாக வசிக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. ஆகவே படிப்பு முடிந்ததும் கட்டாயம் திரும்பி வருவேன்.

"நான் எங்க தனியா இருக்கேன்? நீதான் இருக்கியே" என்றேன்.

"நான் போனப்புறம்ப்பா" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு.

அவள் போவதற்கு முன்பே அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரே அறையில் இரண்டு பேரும் இருக்கும்போதுகூட, இவர் தனியாக வசிக்கிறார் என்று யாரோ சொல்வது போல இருக்கும்.

சில வாரங்களில், சென்னைக்கு வந்து பத்து விரல் ரேகையும் புகைப்படமும் கொடுக்க வேண்டும் என்று தகவல் வந்தது. தேதியும் குறித்தாகிவிட்டது. கல்லூரி ஜனவரியில் திறக்கும். அதற்குள் விசா வராவிட்டால் கிடைத்த இடம் போய்விடும். வேலையையும் அவள் விட்டிருந்தாள். அவள் போவதும் போகாததும் அந்த ரேகையில் நின்றது.

அதே வாரத்தில் என் அண்ணனுக்கு திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். அண்ணன் சீர்காழியில் உரக்கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணி போன் செய்தார்.

"தம்பி, வரும்போது மருதாணி அரைச்சி எடுத்துட்டு வாங்க. இங்க கோன்தான் கெடைக்குது. ஒரே கெமிக்கல் நாத்தம்."

"எனக்கு என்ன அண்ணி தெரியும்..."

"நடிக்காதீங்க. உங்க மக எப்பவோ சொல்லிட்டா."

ஒரு டப்பா நிறைய அரைத்து எடுத்துக்கொண்டு போனேன். லாட்ஜ் அறையில் பெண்கள் எல்லாம் வரிசையாகக் கையை நீட்டினார்கள். நான் டப்பாவை வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். அண்ணி விடவில்லை. "பொண்டாட்டி சிங்கப்பூர்ல சம்பாதிக்கிறா, புருஷன் இங்க பியூட்டி பார்லர் வச்சிருக்காரு" என்று அண்ணியின் தங்கை சொல்ல, அறையே சிரித்தது. தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு கையாக வைத்தேன். கடைசியாக மகள் வந்து உட்கார்ந்தாள்.

"தொப்பி பெருசா வைப்பா. அங்கல்லாம் யாரு வச்சி விடப் போறாங்க."

பெரிதாகவே வைத்தேன். இரண்டு கணு வரை வைத்தேன். காலையில் கழுவியபோது கறுப்பு என்று சொல்லும் அளவுக்குச் சிவந்திருந்தது. அண்ணி அவள் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். "இப்படிப் புடிச்சிருக்கே, கட்டிக்கப் போறவன் தரையில வுட மாட்டான்டி உன்னை." அண்ணன் மாலையும் கழுத்துமாக அண்ணிக்கு மறுபடி தாலி கட்டினார். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மகள் அந்தச் சிவந்த கையால் அட்சதை போட்டாள்.

அங்கிருந்தே நாங்கள் மயிலாடுதுறை வந்து சென்னைக்கு ரயில் ஏறினோம்.

அந்த ஆபீஸ் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. விண்ணப்பித்தவர்களை மட்டும்தான் உள்ளே விடுவார்கள். நான் எதிர்ப்பக்கம் ஒரு இளநீர் வண்டியின் நிழலில் நின்றேன். ரொம்ப நேரம் ஆகும் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆனால் சீக்கிரமே வெளியே வந்தாள். இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

"முடிஞ்சிதா?"

கையை வெளியே எடுத்து என் முன்னால் விரித்தாள். "இதோட எடுக்க மாட்டாங்களாம்ப்பா."

"எதோட?"

"மருதாணியோட. வெரல் நுனி சுத்தமா இருக்கணுமாம். மெயில்லயே போட்டிருக்காங்க. நான்தான் சரியாப் படிக்கல."

இளநீர்க்காரர் சீவிக்கொண்டிருந்த காயை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "கல்யாண சீசன் வந்தா இதே கதைதான். பாவம், அந்தப் பொண்ணுங்க எல்லாம் இங்க வந்துதான் அழுவும்" என்றார்.

எனக்கு அந்த நேரத்தில் மனசிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பில் பையை இறக்காமல் நின்றபோது இருந்த அதே முகம்.

விரல் சுத்தமானதும் வரும்படி வேறொரு தேதி கொடுத்திருந்தார்கள். அதுதான் கடைசி. அதற்கு மேல் தள்ளினால் விண்ணப்பத்தையே மூடிவிடுவார்கள் என்றாள்.

மனைவிக்குத் தெரிந்ததும் போனில் ஒரு பிடி பிடித்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது அறிவு வேணாம்? அவதான் சின்னப் புள்ள. நீங்க? ஊருக்கே மருதாணி வச்சீங்களாமே." பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "அவளைப் பாத்திரம் வெளக்கச் சொல்லுங்க. எனக்கெல்லாம் இங்க வெளக்கி வெளக்கி வெரலே வழவழன்னு ஆயிடுச்சி. மருதாணி எம்மாத்திரம்" என்றாள்.

ஊருக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்தாள். பற்பசை தடவினாள். தேங்காய் நாரால் தேய்த்தாள். நுனி விரலின் தடித்த தோலில் ஏறிய சிவப்பு அசையவில்லை.

அப்போது எங்கள் வயலில் சம்பா நடவு. இப்போதெல்லாம் பல ஊர்களில் வடக்கே இருந்து வந்த ஆட்கள் நடுகிறார்கள். எங்கள் ஊரில் இன்னும் பெண்கள் நடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி என் சித்தப்பா மகள். மகளுக்கு அத்தை. அவள் எங்கள் வீட்டு வாசலில் நின்று மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா அழுவுற? சேத்துல கைய வையி. மருதாணியாவது ஒண்ணாவது. எங்க கையப் பாரு, தீபாவளிக்கு வச்சா மறுவாரம் இருந்த எடம் தெரியாது."

"அப்ப நானும் வரேன் அத்தை."

"அதெல்லாம் வேணாம்" என்றேன். நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னதை அவர்கள் கேட்டதில்லை. என் அம்மா கடைசி வரை அடுத்தவர் வயலில் குனிந்து கிடந்தவள். சிங்கப்பூர் போகும் வரை என் மனைவியும் நட்டாள். மகளை நான் வரப்பைத் தாண்டி இறங்க விட்டதில்லை. அவள் சோறு கொண்டு வருவாள், தூக்கை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"நம்ம வயல்தானேப்பா" என்றாள்.

என் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு மறுநாள் காலையில் இறங்கினாள். முதல் அடியில் முழங்கால் வரை புதைந்து, அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்டி, நாத்த நடச் சொன்னா பொதைக்கிறியே. அது மூச்சு வுட வேணாமா?"

"வெளிநாடு போற பொண்ணுக்கு நடவு சொல்லிக் குடுத்தா நமக்கும் ஒரு விசா போட்டுத் தருவாங்களா அக்கா?" என்று பக்கத்தில் நட்ட ஒருத்தி கேட்டாள்.

"தருவான், தருவான். பனிக்கட்டியில நடச் சொல்லுவான். நட்டுட்டு இடுப்ப நிமித்த முடியாம அங்கயே நில்லு."

நான் நாற்றுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து இடைவெளி பார்த்து வீசுவேன். "அப்பா, இங்க ஒரு கட்டு!" என்று கத்துவாள். மற்றவர்களுக்கு வேண்டும்போது அவர்கள் என்னைக் கூப்பிட மாட்டார்கள், நான் பார்த்து வீச வேண்டும். அவள் மட்டும் கூப்பிட்டாள். அவள் நட்ட வரிசை கோணலாகப் போனது. அத்தை பிடுங்கித் திருத்தப் போனாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் வரப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வயலில் பேசுவது எனக்குச் சுலபம். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை, இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"நான் போயிட்டா நீ என்னப்பா பண்ணுவே?"

"வேலை இருக்கும்."

"சாயங்காலம்?"

"டிவி இருக்குல்ல."

"நீ டிவி பாத்து நான் பாத்ததே இல்லையே."

"நீ பாக்குறப்ப நானும் பாக்குறேனே."

அவள் கையில் இருந்த ஊறுகாயை நக்கினாள். பிறகு எழுந்து சேற்றில் இறங்கினாள்.

ஒவ்வொரு நாளும் கை கழுவும்போது விரலைப் பார்ப்பேன். கறுப்பு சிவப்பானது. சிவப்பு ஆரஞ்சானது. நகத்தில் மட்டும் அப்படியே நின்றது. நகம் பிரச்சினை இல்லை, நுனித் தோல்தான் வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். நிறம் வெளுக்க வெளுக்க அவளுக்குச் சந்தோஷம். நானும் பார்த்துத் தலையாட்டுவேன்.

நடவுக்கு நடுவில் ரேஷன் கடையில் அரிசியும் சர்க்கரையும் போடுகிறார்கள் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் ரேஷன் வாங்குவது எப்போதும் மகள்தான். கடையில் விரல் வைக்கும் மெஷின் வந்த நாளிலிருந்து என் விரலை அது எடுத்ததில்லை. பத்து விரலும் வைத்துப் பார்த்தாகிவிட்டது. மண்வெட்டிக் காம்பும் சேறும் உரமும் சேர்ந்து என் ரேகையைத் தேய்த்துவிட்டன. வரிசையில் எல்லோரும் பார்க்க, விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டு நிற்பது எனக்குப் பெரிய தண்டனை. மகள் வந்து ஒரு தடவை வைத்தால் போதும், உடனே சத்தம் கொடுத்துச் சீட்டு வந்துவிடும்.

அன்றைக்கு மூட்டை தூக்க நானும் அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். அவள் ஆள்காட்டி விரலை வைத்தாள். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். எடுக்கவில்லை. கட்டைவிரல் வைத்தாள்.

கடைக்காரத் தம்பி எட்டிப் பார்த்தார். "என்ன பாப்பா, அப்பா வெரல வாங்கி மாட்டிக்கிட்டு வந்துட்டியா?"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

"நடவுல எறங்கினேண்ணே."

"அதான் பாத்தேன். நடவு முடியற வரைக்கும் பாதிப் பேருக்கு எடுக்காது. இன்னொரு வெரல வையி."

கடைசியில் இடது மோதிர விரலை மெஷின் எடுத்துக்கொண்டது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அவள் விரல் நுனியைப் பார்த்தேன். ஊறி, உரிந்து, வழவழவென்று இருந்தது. சென்னையில் பத்து விரலும் கேட்பார்கள்.

வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் மேலண்டை வயல் நடப்படாமல் கிடந்தது. அவள் மறுநாளும் வருவதாக இருந்தாள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் வருவாள். மறுபடி வரப்பில் உட்கார்ந்து சாப்பிடலாம். ரேகை எடுக்கவில்லை என்றால் அது மெஷினின் கோளாறு. யாரும் என்னை ஒன்றும் சொல்லப் போவதில்லை.

சர்க்கரையை டப்பாவில் கொட்டிக்கொண்டே, "நாளையிலேருந்து வயலுக்கு வர வேணாம்" என்றேன்.

"ஏம்ப்பா? மேலண்டை இருக்கே."

"வேணாம்."

"நான் நட்டது கோணலா இருக்கா?"

"அதில்ல."

நான் அவள் கையை எடுத்து, அவள் கட்டைவிரலையும் என் கட்டைவிரலையும் ஒட்டினாற்போல வைத்துக் காட்டினேன். அவள் இரண்டையும் குனிந்து பார்த்தாள்.

"தெரியும்ப்பா. கடையிலயே தெரிஞ்சிது."

"அப்பறம் எதுக்கு வரேன்ன?"

அவள் சர்க்கரை டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. சமைத்ததும் பாத்திரம் கழுவியதும் துணி துவைத்ததும் நான். அவள் விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "கையில மருதாணி வச்ச மாதிரியே இருக்குப்பா" என்று ஒரு தடவை சொன்னாள்.

மேலண்டை வயலை நட நான் மட்டும் போனேன்.

"எங்கண்ணே நம்ம விசாக்காரி?" என்று அத்தைக்காரி கேட்டாள்.

"வீட்டுல."

"வெயில் தாங்கல போல."

ஆமாம் என்று தலையாட்டினேன். கட்டைத் தூக்கிக்கொண்டு போய் இடைவெளி பார்த்து வீசினேன். யாரும் கூப்பிடவில்லை. அவள் இன்னும் வீட்டில்தான் இருந்தாள், கூப்பிடு தூரம். ஆனால் தனியாக வசிக்கிறார் என்று கடிதத்தில் எழுதியது அன்றைக்குத்தான் எனக்கு ஆரம்பித்தது.

இரண்டாம் தடவை சென்னை போனபோது இளநீர்க்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மகள் உள்ளே போய் ரொம்ப நேரம் ஆயிற்று. "லேட்டாவுதுன்னா எடுக்கறாங்கன்னு அர்த்தம். கவலைப்படாதீங்க" என்றார். அவள் சாலையைக் கடந்து வரும்போதே இரண்டு கையையும் மேலே தூக்கி விரித்துக் காட்டினாள்.

"பத்தும் எடுத்துடுச்சிப்பா! ஒண்ணு மட்டும் படுத்திச்சி. அந்த மேடம் பொறுமையா நாலு தடவை எடுத்தாங்க."

அவளுக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் வெட்டச் சொன்னாள். இரண்டு பேரும் நின்று குடித்தோம். எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியில் நாங்கள் தெரிந்தோம்.

விசா வந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள். அவள் சிங்கப்பூரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். அம்மாவைப் பார்த்துவிடலாம் என்று முதலில் நினைத்திருந்தோம். ஆனால் இடையில் இருக்கும் கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்து திரும்ப முடியாது, வெளியில் இருப்பவர்கள் உள்ளே போக முடியாது என்று பிறகு தெரிந்தது. தாயும் மகளும் ஒரே ஊரில் இருந்துகொண்டு போனில் பேசிக்கொண்டார்கள்.

உள்ளே போகுமுன் கம்பித் தடுப்புக்கு மேலே கையை நீட்டினாள். எல்லா விரலும் சுத்தமாக இருந்தது. நகம் வளர்ந்து, அதன் நுனியில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு மிச்சமிருந்தது.

"இதுதாம்ப்பா பாக்கி."

"வெட்டிடு" என்றேன். அப்படி ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு எதுவோ சொல்ல வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது.

பயிர் வளர்ந்த பிறகும் அவள் நட்ட இடத்தில் கோணல் தெரிந்தது. வரப்பில் போகிறவர்களுக்குத் தெரியாது. எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தால்தான் தெரியும். நான் தண்ணீர் பார்க்கப் போகும்போது அங்கே கொஞ்சம் நிற்பேன். சாயங்காலம் டிவி போட்டுப் பார்த்தேன். எந்த சேனலில் எது வரும் என்று தெரியவில்லை. அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவாள். அதில் எனக்குப் பேச வராது. அவள் முகத்துக்குக் கீழே சின்னதாக என் முகமும் தெரியும். அதைப் பார்த்தால் இருக்கிற பேச்சும் போய்விடும். சாப்பிட்டியா, குளிருதா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான்.

பொங்கலுக்கு ரேஷன் கடையில் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு கொடுத்தார்கள். டோக்கனை எடுத்துக்கொண்டு காலையிலேயே வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. விரலை வைத்தேன். எடுக்கவில்லை. துடைத்து வைத்தேன். எடுக்கவில்லை.

"பாப்பா வரலையாண்ணே?" என்று கேட்ட கடைக்காரத் தம்பி, தானே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மறந்தே போச்சு. சரி விடுங்க, கார்டுல இருக்கற போனுக்கு நம்பர் வரும், அதச் சொன்னாப் போதும்."

"அது மக நம்பர் தம்பி, அங்கயும் அதத்தான் வச்சிருக்கா. இப்ப அங்க ராத்திரி. நான் சாயங்காலம் வரேன்."

"அனுப்பிட்டேனேண்ணே."

நான் பையை மடித்துக்கொண்டு வரிசையை விட்டு விலகினேன். சட்டைப் பையில் போன் அடித்தது.

"அப்பா, ரேஷன் கடையிலயா நிக்கிற?"

"தூங்கலையாம்மா?"

"மெசேஜ் சத்தத்துல முழிச்சிட்டேன். சொல்றேன், அண்ணன்கிட்ட சொல்லு."

அவள் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். மெஷின் சீட்டைத் தள்ளியது.

"கரும்பு எப்படி இருக்கு?"

"உசரமா இருக்கு. கொஞ்சம் காஞ்சிருக்கு."

"நடுக் கணுவா வெட்டிச் சாப்பிடு. மேல சப்புன்னு இருக்கும். வரிசையில யாரெல்லாம் நிக்கிறாங்க?"

நான் திரும்பிப் பார்த்து ஒவ்வொருவராகச் சொன்னேன். பின்னால் நின்ற ஒரு அம்மா, "உம் மவளா? நல்லா இருக்காளாமா?" என்று கேட்டார். "நல்லா இருக்கா" என்றேன். அந்த வரிசையில் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட ஆள் இல்லாமல் பாதியை மாட்டுக்குப் போட்டேன்.

அதற்குப் பிறகு மாதாமாதம் கடை மூடுகிற நேரம் பார்த்துப் போவேன். அங்கே அப்போது காலை, அவள் எழுந்திருக்கும் நேரம். அவள் எண்ணைச் சொல்லுவாள். பிறகு பருப்பு எப்படி இருக்கிறது, எண்ணெய் போட்டார்களா, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்பாள். நான் பார்த்துச் சொல்லுவேன். கையில் ஒரு விஷயம் இருந்தால் எனக்குப் பேச வருகிறது.

போன மாதம் கடையில் புதிதாக ஒரு கருவி இருந்தது. கடைக்காரத் தம்பி அதை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"அண்ணே, இனிமே பாப்பாவைத் தொந்தரவு பண்ண வேணாம். கண்ணு மெஷின் வந்துடுச்சி. இதுக்குள்ள பாத்தாப் போதும், முடிஞ்சிது."

நான் அதைப் பார்த்தேன்.

"வெரலே வைக்கிறேன் தம்பி."

"எடுக்காதேண்ணே, தெரியும்ல."

"வச்சிப் பாக்குறேன்."

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, பழைய மெஷினை என் பக்கம் நகர்த்தினார். கட்டைவிரலை வேட்டியில் துடைத்து, அழுத்தி வைத்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து இன்னொரு கையில் பிடித்துக்கொண்டேன்.